முதலாம் இராஜேந்திர சோழன்

முதலாம் இராஜேந்திர சோழன் (ஆட்சிக்காலம் கி.பி. 1014 - 1044) இடைக்காலச் சோழர்களின் புகழ்பெற்ற மன்னர்களுள் ஒருவன். முதலாம் இராஜராஜ சோழனின் மகன். தந்தை விட்டுச் சென்ற பரந்த நாட்டை மேலும் விரிவாக்கி, வடக்கே கங்கைக் கரை வரையிலும், கடல் கடந்து ஈழம், மாலத்தீவுகள், நிக்கோபார், சுமத்திரா, மலாய் தீபகற்பம் வரையிலும் சோழர் படைகளைச் செலுத்தினான். கங்கைகொண்ட சோழன், கடாரங்கொண்டான், முடிகொண்ட சோழன், பண்டித சோழன் முதலிய பட்டப்பெயர்களால் இவன் அறியப்படுகிறான்.

இந்திய மன்னர்களுள் பெருங்கடலைக் கடந்து தொலைதூரத் தீவுகளுக்குப் போர்க்கலங்களை அனுப்பியவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் இராஜேந்திரனே தலையாயவனாகக் கருதப்படுகிறான். ஆயினும் அக்கடற்பயணத்தைப் பற்றிய நாட்குறிப்போ, கப்பற் கணக்கோ, கடல் வரைபடமோ கிடைக்கவில்லை. கோயில்களுக்கும் சான்றோர்களுக்கும் நெல்லும் நிலமும் வழங்கிய ஆவணங்களின் முகப்பில் அமைந்துள்ள மெய்க்கீர்த்திகளும், செப்பேட்டுப் பாடல்களுமே அதற்கு முதன்மையான சான்றுகள் ஆகும். அவற்றுள் முக்கியமான ஒன்று, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், திருத்தணிக்கு அண்மையில் உள்ள திருவாலங்காட்டில் கண்டெடுக்கப்பட்ட செப்பேட்டுத் தொகுதியாகும்.

இளமையும் முடிசூடலும்

இராஜேந்திரன் இராஜராஜனுக்கும் அவனுடைய தேவியருள் ஒருவரான வானவன் மாதேவிக்கும் பிறந்தவன். இவனது இயற்பெயர் மதுராந்தகன் என்பது திருவாலங்காட்டுச் செப்பேடுகளால் தெரிகிறது. பிறந்த நாள்மீன் திருவாதிரை. ஆடி மாதத்துத் திருவாதிரையே இவனது பிறந்தநாள் என்பதைத் திருவாரூர்க் கோயில் கல்வெட்டு ஒன்று காட்டுகிறது.

தந்தையின் காலத்திலேயே படைத்தலைமை ஏற்றுப் போர்களில் ஈடுபட்ட இவன், 1012 ஆம் ஆண்டில் இளவரசனாக முடிசூட்டப்பட்டுத் தந்தையுடன் இணைந்து ஆட்சி புரிந்தான். 1014 இல் இராஜராஜன் மறைந்த பின்னர் தனியாட்சி தொடங்கியது. சோழ மன்னர்கள் மாறி மாறிச் சூடிக்கொண்ட இராஜகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களுள் இவனுக்குரியது பரகேசரி என்பதாகும். இவன் 1018 ஆம் ஆண்டிலேயே தன் மகன் இராஜாதிராஜனை இளவரசனாக்கி ஆட்சியில் இணைத்துக்கொண்டான். மன்னனும் இளவரசனும் சேர்ந்து ஆளும் இம்முறை, படைகள் நெடுந்தொலைவு சென்றிருந்த காலங்களிலும் நாட்டின் நிர்வாகம் தடையின்றி நடைபெற உதவியது.

ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் இடைதுறை நாடு, வனவாசி, கொள்ளிப்பாக்கை, மண்ணைக்கடக்கம் ஆகிய பகுதிகள் மீது பெற்ற வெற்றிகளை இவனது மெய்க்கீர்த்தி வரிசைப்படுத்துகிறது. இவை இன்றைய கருநாடக, தெலுங்கானாப் பகுதிகளில் அமைந்தவை.

ஈழப் படையெடுப்பு

இராஜேந்திரன் காலத்துச் சோழர்களின் முதல் பெரிய கடல்கடந்த நடவடிக்கை ஈழத்தில் நிகழ்ந்தது. இராஜராஜன் காலத்திலேயே இலங்கையின் வடபகுதி சோழர் வசமாகிப் பொலன்னறுவை அவர்களது தலைநகரமாக்கப்பட்டிருந்தது. அனுராதபுரத்து மன்னன் ஐந்தாம் மகிந்தன் தீவின் தென்கிழக்கில் உள்ள உரோகணப் பகுதிக்குச் சென்று ஆண்டு வந்தான். 1017-18 ஆம் ஆண்டளவில் இராஜேந்திரனின் படை உரோகணத்துக்குள் நுழைந்து மகிந்தனைச் சிறைப்பிடித்தது. ஈழ மன்னர்களின் முடி, அரசியரின் முடி ஆகியவற்றுடன், முன்னர்ப் பாண்டியன் ஈழத்தில் அடைக்கலமாக வைத்திருந்த முடியும் இந்திரன் ஆரமும் சோழநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றைக் கைப்பற்ற முந்தைய சோழ மன்னர்கள் மேற்கொண்ட முயற்சி நிறைவேறாமல் போயிருந்தது.

இப்படையெடுப்பைப் பற்றி இலங்கையின் பாலி மொழி வரலாற்று நூலான சூளவம்சமும் கூறுகிறது. சோழர் கல்வெட்டுகள் வெற்றியாகப் போற்றும் அதே நிகழ்ச்சியை, விகாரைகள் சூறையாடப்பட்ட துயரமாக அந்நூல் பதிவு செய்கிறது. மகிந்தன் சோழநாட்டிலேயே பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்து இறந்தான். அதன்பின் அவன் மகன் காசியபன் உரோகணத்தில் எதிர்ப்பைத் தொடர்ந்தான். சோழர் ஆட்சி இலங்கையில் 1070 ஆம் ஆண்டு வரை நீடித்து, முதலாம் விஜயபாகுவால் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. பொலன்னறுவையில் இன்றும் நிற்கும் வானவன் மாதேவி ஈசுவரம் என்னும் சிவன் கோயில், இராஜேந்திரனின் தாயின் பெயரைத் தாங்கியுள்ளது.

மேற்குக் கடல் தீவுகள்

இராஜராஜனின் மெய்க்கீர்த்தி அவன் வென்றவற்றுள் பழந்தீவுகள் பன்னீராயிரத்தையும் குறிப்பிடும். பல்லாயிரம் சிறு தீவுகளைக் கொண்டது என்ற பொருளில் இது மாலத்தீவுகளைச் சுட்டுவதாக ஆய்வாளர் கொள்வர். இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியும் சேர நாட்டு வெற்றியைத் தொடர்ந்து கடல் நடுவே உள்ள பழந்தீவுகள் பலவற்றைக் கூறுகிறது. பரசுராமன் முடியை வைத்துச் சென்றதாகச் சொல்லப்படும் சாந்திமத்தீவும் இவ்வரிசையில் இடம்பெறுகிறது.

மாலத்தீவுகள் பவளப் பாறைகளால் ஆன வட்டத் தீவுக்கூட்டங்கள் ஆகும். பெரும்பாலான தீவுகள் கடல்மட்டத்திலிருந்து ஓரிரு மீட்டர் உயரமே உடையவை. எனவே தொலைவிலிருந்து பார்க்கும் மாலுமிக்கு அவை எளிதில் தென்படுவதில்லை. நீருக்குள் மறைந்திருக்கும் பாறைகள் மரக்கலங்களுக்குப் பேராபத்தாக இருந்தன. மறுபுறம், அரபுக் கடலையும் வங்கக் கடலையும் இணைக்கும் வணிகப் பாதையில் அவை அமைந்திருந்தன. கப்பல் கட்டத் தேவையான தென்னங்கயிறும், பல நாடுகளில் நாணயமாக வழங்கிய சோழிகளும் அங்கிருந்து ஏற்றுமதியாயின.

கங்கைப் படையெடுப்பு

1021 ஆம் ஆண்டளவில் மேலைச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் சயசிங்கன் முயங்கி என்னும் இடத்தில் தோற்கடிக்கப்பட்டான். அதனைத் தொடர்ந்து இராஜேந்திரனின் படைத்தலைவன் ஒருவன் தலைமையில் பெரும்படை வடக்கு நோக்கிப் புறப்பட்டது. அது கலிங்கம், ஒட்டர நாடு, கோசலம் ஆகியவற்றைக் கடந்து தண்டபுத்தியின் தன்மபாலன், தக்கணலாடத்தின் இரணசூரன், வங்காள தேசத்தின் கோவிந்தசந்திரன், வங்கத்தின் பால மன்னன் மகிபாலன் ஆகியோரை வென்றதாக மெய்க்கீர்த்தி கூறுகிறது.

கங்கை நீருடன் திரும்பிய படையை இராஜேந்திரன் கோதாவரிக் கரையில் எதிர்கொண்டதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. இவ்வெற்றியின் நினைவாகக் கங்கைகொண்ட சோழபுரம் என்னும் புதிய தலைநகரமும், சோழகங்கம் என்னும் பேரேரியும் உருவாயின. வெற்றிக்குக் கல்லால் தூண் நாட்டுவதற்கு மாறாக நீரால் தூண் அமைத்ததாக அவ்வேரியைச் செப்பேட்டுப் புலவர் வருணிக்கிறார். அவ்வேரி இன்று பொன்னேரி என வழங்குகிறது.

ஸ்ரீவிஜயத்துடன் உறவு

ஸ்ரீவிஜயம் சுமத்திராவின் பாலெம்பாங்கை மையமாகக் கொண்டிருந்த கடல்வழிப் பேரரசு ஆகும். மலாக்கா நீரிணையின் இருபுறத் துறைமுகங்களையும் தன் செல்வாக்கில் வைத்திருந்ததால், இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே செல்லும் கலங்கள் பெரும்பாலும் அதன் துறைகளைத் தொட்டே செல்ல வேண்டியிருந்தது.

தொடக்கத்தில் இரு அரசுகளும் நட்புடன் இருந்தன. ஸ்ரீவிஜய மன்னன் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரையைக் கட்டினான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராஜராஜன் தன் 21 ஆம் ஆட்சியாண்டில் வழங்கினான். அந்த அறக்கொடையை நிலைபெறச் செய்து செப்பேட்டில் பொறிக்கச் செய்தவன் இராஜேந்திரன். அச்செப்பேடுகள் பிற்காலத்தில் நெதர்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு லெய்டன் பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டதால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர்பெற்றன. இராஜேந்திரனின் தொடக்க ஆண்டுகளில் ஸ்ரீவிஜய மன்னனின் முகவர்கள் நாகப்பட்டினத்துக் காயாரோகணர் கோயிலுக்கு அணிகலன்களும் சீனப் பொன்னும் அளித்த செய்தியும் கல்வெட்டுகளில் உள்ளது. கம்புச நாட்டு மன்னன் நட்பை வேண்டி இராஜேந்திரனுக்குத் தேர் ஒன்றை அனுப்பியதாகக் கரந்தைச் செப்பேடுகள் கூறுகின்றன.

கடாரப் படையெடுப்பு

இந்த நட்பு நீடிக்கவில்லை. 1025 ஆம் ஆண்டளவில் இராஜேந்திரன் அலைகடல் நடுவே பல கலங்களைச் செலுத்தி, கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைச் சிறைப்பிடித்தான். அவனது யானைகள், திரண்ட செல்வம், நகர வாயிலில் இருந்த வித்தியாதரத் தோரணம், மணிகள் பதித்த வாயிற்கதவுகள் ஆகியவை கைப்பற்றப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இவனது 19 ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, தாக்கப்பட்ட இடங்களை விரிவாகப் பட்டியலிடுகிறது. சர்வசிவ பண்டிதர் என்னும் சைவ ஆசாரியருக்கும் அவருடைய மாணவர்களுக்கும் ஆண்டுதோறும் நெல் வழங்குவதற்கான ஆணையே அக்கல்வெட்டின் உள்ளடக்கம். தீவுகளின் பெயர்கள் அதன் முகப்பாக அமைந்த மெய்க்கீர்த்தியில் வருகின்றன. அவை பின்வருமாறு:

- ஸ்ரீவிஜயம்: சுமத்திராவில் உள்ள பாலெம்பாங்.
- பண்ணை: சுமத்திராவின் கிழக்குக் கரையில் உள்ள பனை ஆற்றுப் பகுதி.
- மலையூர்: சுமத்திராவின் சாம்பிப் பகுதி.
- மாயிருடிங்கம்: மலாய் தீபகற்பத்தில் இருந்த ஓரிடமாகக் கருதப்படுகிறது.
- இலங்காசோகம்: மலாய் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் இருந்த இலங்காசுக அரசு.
- மாபப்பாளம்: கீழைப் பர்மாவின் கடற்கரைத் துறை.
- மேவிலிம்பங்கம்: இருப்பிடம் பற்றி ஒருமித்த கருத்து இல்லை.
- வளைப்பந்தூறு: இதைப் பற்றியும் ஒருமித்த கருத்து இல்லை.
- தலைத்தக்கோலம்: மலாய் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இருந்த துறைமுகம்.
- மாதமாலிங்கம்: இன்றைய தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராத் பகுதியில் இருந்த தாம்பிரலிங்க அரசு.
- இலாமுரிதேசம்: சுமத்திராவின் வடமுனை, இன்றைய ஆச்சே.
- மாநக்கவாரம்: நிக்கோபார் தீவுகள்.
- கடாரம்: மலேசியாவின் கெடா.

ஒவ்வோர் இடத்துக்கும் மெய்க்கீர்த்தி ஓர் அடைமொழி தருகிறது. பண்ணை நீர்த்துறைகள் நிறைந்தது எனவும், மலையூர் மலைமீது அரண் உடையது எனவும், மாயிருடிங்கம் கடலையே அகழியாகக் கொண்டது எனவும், மாநக்கவாரம் தேன் மிகுந்த சோலைகளை உடையது எனவும் கூறப்படுகின்றன. இவை புலவர் மரபுக்கேற்ற வருணனைகளே ஆயினும், இடப்பெயர்கள் அயல்நாட்டுச் சான்றுகளோடு பொருந்தி வருவதால், அவற்றை அறிந்திருந்த கடலோடிகள், வணிகர்கள் ஆகியோரின் செய்திகள் அரசவையை எட்டியிருந்தன எனக் கொள்ளலாம்.

மன்னன் தானே கலமேறிச் சென்றானா என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. தஞ்சைக் கல்வெட்டு அவன் கலங்களைச் செலுத்தியதாகவே கூறுகிறது. கங்கைப் படையெடுப்பைப் போலவே இதுவும் படைத்தலைவர்களால் நடத்தப்பட்டிருக்கலாம். பட்டியலில் உள்ள இடங்கள் நிலவியல் வரிசையில் அமையாததால், கலங்கள் எவ்வழியாக எந்த ஊரை முதலில் அடைந்தன என்பதையும் அதைக் கொண்டு உறுதியாகக் கூற இயலாது. எனினும், தலைநகரான ஸ்ரீவிஜயமே பட்டியலில் முதலில் வருவது, எதிர்பாராத நேரத்தில் தலைநகரைத் தாக்கி அரசனைப் பிடித்தனர் என்ற கருத்துக்கு இடமளிக்கிறது.

கடல் வழியும் பருவக்காற்றும்

நாகப்பட்டினத்திலிருந்து பெரிய நிக்கோபார் தீவு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கடாரம் 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இவ்வளவு தொலைவைப் பாய்மரக் கலங்களில் கடப்பதற்குப் பருவக்காற்றின் ஒழுங்கை அறிந்திருப்பது இன்றியமையாதது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வங்கக் கடலில் கிழக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்கு நோக்கியும் செல்ல முடியும். காற்று மாறும் வரை கலங்களும் ஆட்களும் அயல்நாட்டுத் துறைகளில் தங்க வேண்டியிருந்தது. ஆகவே ஒரு படையெடுப்பு என்பது சில நாட்களில் முடியும் செயலன்று. உணவு, குடிநீர், பழுதுபார்க்கும் இடம் ஆகியவற்றை முன்கூட்டியே திட்டமிட்டாக வேண்டும்.

இதில் நிக்கோபாரின் இருப்பிடம் முக்கியமானது. வங்கக் கடலின் தென்கிழக்கில், சுமத்திராவின் வடமுனைக்கு 200 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் அத்தீவுக்கூட்டத்தின் தென்கோடி உள்ளது. நெடுங்கடலைக் கடந்து வரும் கலத்துக்கு நன்னீரும் தேங்காயும் கிடைக்கும் முதல் நிலம் அதுவாகும். நிக்கோபார் என்ற இன்றைய பெயரும் நக்கவாரம் என்ற பழம்பெயருடன் தொடர்புடையது. அதேபோல், கடாரத்தின் கரையில் 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் செராய் மலை, கடலோடிகளுக்குத் தொலைவிலிருந்தே தெரியும் அடையாளமாக விளங்கியது. அம்மலையின் அடிவாரத்தில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்களும் இரும்பு உருக்கிய இடங்களும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

இவ்வழிகளைப் படைகளுக்கு முன்பே அறிந்தவர்கள் வணிகர்கள். மலாய் தீபகற்பத்தின் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கு வெட்டப்பட்ட குளம் ஒன்றையும் மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவையும் குறிப்பிடுகிறது. சுமத்திராவின் பாரூசில் கிடைத்த 1088 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவுக்குரியது. போர்ப்படையை ஏற்றிச் சென்ற கலங்களுள் பல வணிகர்களுடையனவாக இருந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர்.

காரணமும் விளைவும்

நட்பு நாடாக இருந்த ஸ்ரீவிஜயத்தின் மீது இராஜேந்திரன் ஏன் படையெடுத்தான் என்பதைக் கல்வெட்டுகள் கூறவில்லை. சீன வணிகத்துக்கான நீரிணை வழியில் ஸ்ரீவிஜயம் ஏற்படுத்திய தடைகளே காரணம் என்பது பலருடைய கருத்து. சோழ மன்னனின் திசைவெற்றி வேட்கையும், தமிழ் வணிகக் குழுக்களின் நலனும், செல்வத்தைக் கைப்பற்றும் நோக்கமும் பிற காரணங்களாகக் கூறப்படுகின்றன.

இராஜராஜன் காலத்தில் அனுப்பப்பட்ட தூதுக்குழு ஒன்று 1015 ஆம் ஆண்டில் சீனத்தின் சொங் அரசவையை அடைந்து முத்துக்களைக் காணிக்கையாக வழங்கியது. அக்குழு வழியில் ஸ்ரீவிஜயத்தைக் கடந்து வந்ததாகவும், பயணத்துக்கு 1,150 நாட்கள் ஆனதாகவும் சீன வரலாற்று நூல் குறிக்கிறது. தூதர்கள் வந்து சேர்ந்தபோது அவர்களை அனுப்பிய மன்னன் உயிருடன் இல்லை. சீனம் வரையிலான கடல்வழி எவ்வளவு நெடியது என்பதையும், இடையில் உள்ள துறைகளை ஆள்வோரின் தயவு எவ்வளவு தேவை என்பதையும் இது காட்டுகிறது. இராஜேந்திரனின் தூதுக்குழு 1033 ஆம் ஆண்டில் சீனாவுக்குச் சென்றது.

படையெடுப்பின் விளைவாகச் சோழர்கள் சுமத்திராவிலோ மலாய் தீபகற்பத்திலோ ஈழத்தில் போன்று நிலையான ஆட்சியை ஏற்படுத்தியதற்குச் சான்று இல்லை. 1028 ஆம் ஆண்டிலேயே ஸ்ரீவிஜயத்தின் தூதுக்குழு ஒன்று மீண்டும் சீன அரசவைக்குச் சென்றதால், அவ்வரசு அழிந்துவிடவில்லை என்பது தெளிவு. பிற்காலத்தில் வீரராஜேந்திரன் கடாரத்தை வென்று, பணிந்த மன்னனுக்கே திருப்பிக் கொடுத்ததாக அவனது கல்வெட்டு கூறுகிறது. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் கடாரத்துத் தூதர்களின் வேண்டுகோளின்படி நாகப்பட்டின விகாரைக்கு உரிய நிலங்களுக்கு மீண்டும் உரிமை உறுதி செய்யப்பட்டது. எனவே இப்படையெடுப்பை நாடு பிடித்தல் என்பதைவிட, கடல்வழியில் சோழர் வலிமையை நிலைநாட்டிய பெருந்தாக்குதல் எனக் கொள்வதே பொருந்தும். ஆயினும் தமிழ் வணிகக் குழுக்களின் செல்வாக்கு அதன்பின் தென்கிழக்காசியாவில் மேலும் பரவியது.

திருவாலங்காட்டுச் செப்பேடுகள்

இராஜேந்திரனின் வரலாற்றை அறிய உதவும் ஆவணங்களுள் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் முதன்மையானவை. 31 ஏடுகளைக் கொண்ட இத்தொகுதி 1905 ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டது. ஏடுகள் கோத்த வளையத்தில் புலி, இரு கயல், வில் ஆகியவை பொறித்த அரச முத்திரை உள்ளது. செப்பேடுகள் வடமொழிப் பகுதி, தமிழ்ப் பகுதி என இரு பகுதிகளை உடையன. தமிழ்ப் பகுதி இராஜேந்திரனின் 6 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு வழங்கியதை அது பதிவு செய்கிறது. கொடையூரின் எல்லையைப் பெண்யானையை நடக்கவிட்டுக் குறித்த வழக்கமும் இத்தகைய ஆவணங்களால் தெரியவருகிறது.

வடமொழிப் பகுதியை இயற்றியவர் நாராயணன் என்னும் புலவர். அதில் சோழர் குலவரலாறும், இராஜேந்திரனின் போர்களும், கங்கை நீர் கொணர்ந்த செய்தியும், பெருங்கடலைக் கடந்த படையால் கடாகம் வென்ற செய்தியும் இடம்பெறுகின்றன. கடாகம் என்பது கடாரத்தின் வடமொழிப் பெயர். ஆறாம் ஆட்சியாண்டுக்குப் பிந்தைய நிகழ்ச்சிகள் இருப்பதால், இப்பகுதி பின்னர் எழுதிச் சேர்க்கப்பட்டது எனக் கருதப்படுகிறது.

திருவாலங்காடு, திருத்தணி, பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு ஆகிய ஊர்கள் அமைந்த இவ்வட்டாரம் தொண்டைமண்டலத்தின் வடபகுதியாகும். சோழர் காலத்தில் தொண்டைமண்டலம் சயங்கொண்ட சோழமண்டலம் எனப் பெயர் பெற்றிருந்தது. செப்பேடுகள் கிடைத்தபோது திருவாலங்காடு கார்வேட்டி நகர் சமீன் பகுதியில் இருந்தது. பின்னர் சித்தூர் மாவட்டத்தின் பகுதியாக ஆந்திரத்துடன் இருந்த திருத்தணி வட்டாரம், எல்லைச் சீரமைப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெசவுக்குப் பெயர்பெற்ற பொதட்டூர்பேட்டை போன்ற, கடலிலிருந்து உள்ளடங்கிய ஊர்களைக் கொண்ட இந்த எல்லைப்புற வட்டாரத்திலிருந்தே கடல்கடந்த வெற்றியின் முக்கியமான சான்று கிடைத்தது குறிப்பிடத்தக்கது.

திருவாலங்காடு நடராசரின் ஐந்து சபைகளுள் இரத்தின சபையாகவும், காரைக்கால் அம்மையார் முத்தியடைந்த தலமாகவும் போற்றப்படுவது. இராஜேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலிலும் நடராசர் சிற்பத்துடன் காரைக்கால் அம்மையாரின் உருவம் அமைந்துள்ளது.

கங்கைகொண்ட சோழபுரம்

இராஜேந்திரன் தலைநகரைத் தஞ்சாவூரிலிருந்து கொள்ளிடத்துக்கு வடக்கே அமைத்த கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றினான். இது இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. இங்கு எழுப்பப்பட்ட சிவன் கோயிலின் விமானம் ஏறத்தாழ 55 மீட்டர் உயரமுடையது. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் சோழர் தலைநகராக விளங்கிய இந்நகரம் சோழர் வீழ்ச்சிக்குப் பின் சிதைந்தது. 1836 ஆம் ஆண்டில் கொள்ளிடத்தில் கீழணை கட்டுவதற்காகக் கோயிலின் சுற்றுமதில் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் நடைபெற்ற அகழாய்வுகளில் செங்கற் சுவர்களும் சீனப் பானையோடுகளும் கிடைத்துள்ளன. இக்கோயில் 2004 ஆம் ஆண்டில் யுனெசுகோவின் உலகப் பாரம்பரியக் களங்களுள் சேர்க்கப்பட்டது.

போர்கள் மட்டுமன்றிக் கல்விப் பணியும் இவன் ஆட்சியில் நடைபெற்றது. எண்ணாயிரம் என்னும் ஊரில் இருந்த வேதக் கல்லூரியில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்ததையும், அவர்களுக்கு அளக்கப்பட்ட நெல்லையும் அவ்வூர்க் கல்வெட்டு தெரிவிக்கிறது.

இறுதிக்காலம்

ஆட்சியின் பிற்பகுதியில் பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் ஈழத்திலும் எழுந்த கலகங்களை இளவரசன் இராஜாதிராஜன் அடக்கினான். இராஜேந்திரன் 1044 ஆம் ஆண்டில் மறைந்தான். அவனுக்குப் பின் அவன் மக்கள் இராஜாதிராஜன், இரண்டாம் இராஜேந்திரன், வீரராஜேந்திரன் ஆகிய மூவரும் ஒருவர்பின் ஒருவராக ஆண்டனர்.

தொண்டைமண்டலத்தில், இன்றைய செய்யாறு அருகே உள்ள பிரமதேசத்தில் இருக்கும் கல்வெட்டு இம்மறைவைப் பற்றியது. மன்னனுடன் அவன் தேவி வீரமாதேவி தீப்புகுந்து உயிர்நீத்ததாகவும், இறந்தோரின் நீர்வேட்கை தணிய அவளுடைய உடன்பிறந்தவனான படைத்தலைவன் தண்ணீர்ப்பந்தல் ஒன்றுக்கு அறக்கட்டளை வைத்ததாகவும் அது கூறுகிறது. இதனால் மன்னன் அவ்வூர்ப் பகுதியிலேயே இறந்தான் எனக் கருதப்படுகிறது.

கடாரம் அடையாளம் காணப்பட்ட வரலாறு

சோழர் வீழ்ச்சிக்குப் பின் இக்கடற்பயணத்தின் நினைவு கடாரங்கொண்டான் போன்ற ஊர்ப்பெயர்களிலும் இலக்கியங்களிலும் மட்டுமே எஞ்சியது. 19 ஆம் நூற்றாண்டில் கல்வெட்டுகள் படிக்கப்பட்டபோது, கடாரம் எங்குள்ளது என்பது புலப்படவில்லை. அதனைத் தமிழகத்துக்குள்ளேயே தேடியவர்களும், பர்மாவில் இருப்பதாகக் கருதியவர்களும் இருந்தனர். மாநக்கவாரம் நிக்கோபார் எனத் தெரிந்த பின்னரே பிற பெயர்களையும் கடலுக்கு அப்பால் தேடும் வழி பிறந்தது. 1918 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் சார்ச் செதே, சீன நூல்களையும் சோழர் கல்வெட்டுகளையும் சுமத்திராக் கல்வெட்டுகளையும் ஒப்பிட்டு, ஸ்ரீவிஜயம் என்பது ஓர் அரசனின் பெயரன்று, ஓர் அரசின் பெயர் என நிறுவினார். சுமத்திராவிலும் மலாய் நாட்டிலும் மறந்துபோயிருந்த ஒரு பேரரசின் வரலாற்றை மீட்டெடுக்கத் தஞ்சைக் கல்வெட்டின் இடப்பெயர்ப் பட்டியல் இவ்வாறு துணைபுரிந்தது. பின்னர் க. அ. நீலகண்ட சாத்திரியாரும் தி. வை. சதாசிவ பண்டாரத்தாரும் தம் நூல்களில் இப்படையெடுப்பை விரிவாக ஆராய்ந்தனர்.

நினைவுகள்

இந்திய வணிகக் கடற்படைக்கு மாலுமிகளைப் பயிற்றுவித்த பயிற்சிக் கப்பல் ஒன்றுக்கு 1972 ஆம் ஆண்டில் இராஜேந்திரன் பெயர் சூட்டப்பட்டது. அது 1993 வரை பணியில் இருந்தது. ஆடித் திருவாதிரை நாளை அரசு விழாவாகக் கொண்டாடத் தமிழக அரசு ஆணையிட்டது. கடாரப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி, 2025 சூலை மாதம் கங்கைகொண்ட சோழபுரத்தில் நடைபெற்ற விழாவில் நினைவு நாணயம் வெளியிடப்பட்டது.